கன்னடம் வந்துவிட்டது, ஆங்கிலம் ஏன் வரவில்லை? பெங்களூருத் தமிழர் பேச்சுப் பயிற்சிக்கு எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்

என் அக்கா மகன் திருவண்ணாமலை மாவட்டத்தில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பையும், அதன் பிறகு இயந்திரவியலில் டிப்ளமோவும் முடித்துவிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு ஆலையில் தரப் பரிசோதகராகச் சேர்ந்தான். ஓராண்டுக்குள் கன்னடம் பேசத் தொடங்கிவிட்டான். அதற்காக ஒரு புத்தகத்தைக்கூட அவன் புரட்டவில்லை. இன்றும் கன்னட எழுத்தில் பேருந்துப் பலகையைத் தாண்டி எதையும் அவனால் படிக்க முடியாது. ஆங்கிலத்தையோ பள்ளிப் பருவம் முழுவதும் படித்திருக்கிறான். பரிசோதனை அறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதுகிறான். வாடிக்கையாளரின் மின்னஞ்சல்களை யாருடைய துணையும் இன்றிப் புரிந்துகொள்கிறான். அதே வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, இந்த பேட்ச்சில் அளவு ஏன் தவறியது என்று கேட்டால் மட்டும் விடை தொண்டையோடு நின்றுவிடுகிறது. நான்கு மாதத்தில் வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசும் பொறுப்பு அவனுக்கு வரவிருக்கிறது. "மாமா, கிளாஸ்ல சேரட்டுமா, இல்ல ஆப் ஒண்ணு வாங்கினா போதுமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன விடையைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இந்த நகரத்துக்கு வந்து சேரும் தமிழ்ப் பிள்ளைகளை நான் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், ஒரே மனிதனுக்கு ஒரு மொழி எளிதாகவும் மற்றொன்று கடினமாகவும் இருப்பது ஏன் என்று பார்த்துவிட வேண்டும்; காரணம் தெரியாமல் வழியைத் தேர்ந்தால் பணமும் காலமும்தான் போகும். முதற்காரணம் மொழிகளின் அமைப்பிலேயே இருக்கிறது. தமிழும் கன்னடமும் ஒரே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 'நான் நாளை வருகிறேன்' என்பது 'நானு நாளெ பர்த்தீனி' என்று சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் நிற்கிறது. தமிழில் நினைத்துக்கொண்டே கன்னடத்தில் பேசிவிடலாம். ஆங்கிலத்தில் அது நடக்காது. 'நேற்று நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் இருந்த அளவைத்தான் நாங்கள் பின்பற்றினோம்' என்ற தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, 'நீங்கள் அனுப்பிய' என்ற பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருகிறது. ஆங்கிலமோ 'நாங்கள் பின்பற்றினோம்' என்று தொடங்கி, பிறகு அளவைச் சொல்லி, அதன் பிறகே அந்த வரைபடத்தையும் அதை அனுப்பியவரையும் நேற்றையும் பின்னால் கோத்துக்கொண்டு போகிறது. மனத்துக்குள் மொழிபெயர்த்துப் பேசுகிறவர் தமிழ் வாக்கியத்தை முழுவதுமாக முடித்து, ஏறத்தாழத் தலைகீழாகத் திருப்பி, அதன் பிறகே வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. எழுதும்போது அதற்கு நேரம் கிடைக்கிறது. பேச்சில் கிடைப்பதில்லை.

எவ்வளவு நேரம் கிடைப்பதில்லை என்பதற்கு அளவீடு உண்டு. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் விடையைத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று காட்டியது. அதாவது, எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் விடையைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். மொழிபெயர்த்துப் பேசுகிறவரின் கவனம் முழுவதும் கேட்டதைப் புரிந்துகொள்வதிலேயே செலவாகிவிடுவதால், கேள்வி முடிந்த பிறகுதான் அவருக்கு வேலை தொடங்குகிறது. அந்த இரண்டு மூன்று நொடி அமைதியை எதிரில் இருப்பவர் அறியாமை என்று எடுத்துக்கொள்கிறார். பேச வேண்டியவரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்.

இரண்டாவது காரணம், நாம் எந்த ஆங்கிலத்தைப் படித்தோம் என்பது. இதைத் தமிழருக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் நம் மொழியிலேயே எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. ஒருவர் தமிழை நூல்களிலிருந்து மட்டும் கற்றுக்கொண்டு, பெங்களூரில் தமிழர் மிகுந்த அல்சூர் கடைத்தெருவில் வந்து நின்றால், 'வந்துட்டிருக்கேன்' என்பது 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதன் பேச்சு வடிவம் என்று அவர் காதுக்குத் தெரியாது. அவர் 'தாங்கள் எங்கே செல்கிறீர்கள்' என்று கேட்டால் கடைக்காரர் திகைப்பார். நாம் ஆங்கிலத்தில் அந்த நூல்வழி மனிதராகத்தான் வளர்க்கப்பட்டிருக்கிறோம். ஆங்கிலப் பேச்சில் அழுத்தம் பெறாத சொற்கள் எல்லாம் சுருங்கிவிடுகின்றன. 'கோயிங் டு' என்பது 'கொன' என்று தேய்ந்து, அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு காதைக் கடந்துவிடுகிறது. ஒவ்வோர் அசைக்கும் ஏறக்குறைய சம இடம் கொடுத்துப் பழகிய தமிழ்க் காது அந்தத் தேய்ந்த சொற்களைத் தேடி நிற்கும்போது, பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறது.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. என் அக்கா மகன் கன்னடத்தில் தப்பும் தவறுமாகப் பேசியபோது, பட்டறையின் மேற்பார்வையாளரும் பேருந்து நடத்துநரும் டீக்கடைக்காரரும் சிரித்தபடி திருத்தி, பேச்சைத் தொடர்ந்தார்கள். 'ஸ்வல்ப நிதானவாகி ஹேளி', கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டே முதல் ஆறு மாதத்தை அவன் ஓட்டினான். ஆங்கிலத்தில் அவன் செய்த தவறுகளுக்கு ஊரில் சிவப்பு மை விழுந்தது. தவறில்லாமல் பேசினாலோ 'பீட்டர் விடுகிறான்' என்ற கேலி விழுந்தது. தவறினாலும் அவமானம், தவறாவிட்டாலும் அவமானம் என்றால் யார்தான் வாயைத் திறப்பார்கள்? எத்தனையோ அறிவுள்ள பிள்ளைகளை இந்தக் கேலி ஊமையாக்கியிருக்கிறது.

ஆகவே ஒரு வழியை எடைபோட நான் மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். அந்த வழியில் கற்பவரின் சொந்த வாய் எத்தனை நிமிடம் திறக்கிறது. எதிர்பாராத கேள்விக்கு உடனே விடை சொல்ல வேண்டிய நெருக்கடி அதில் உண்டா. தவறினால் அவமானமின்றித் தொடர முடியுமா. கட்டணம் அதன் பிறகுதான்.

இந்த எடைபோடலுக்கும் முன்பு ஒரு சோதனை தேவை. தன் வேலையைப் பற்றி மூன்று நிமிடம் தயாரிப்பின்றிப் பேசி, கைப்பேசியில் பதிவு செய்து, பிறகு அதே செய்தியைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுதவே முடியவில்லை என்றால் அடிப்படை வாக்கிய அமைப்பே போதவில்லை. அவருக்குப் பாடம் தேவை. எழுத முடிகிறது, பேசும்போது இழுக்கிறது என்றால் குறை வேகத்தில். தனி அறையில் பேச முடிகிறது, ஆள் எதிரில் இருந்தால் முடியவில்லை என்றால் அது கூச்சம். தான் பேசுவது சரியாக இருக்க, பிறர் பேசுவது பிடிபடவில்லை என்றால் காதுக்குத்தான் பயிற்சி வேண்டும். இந்த நான்கு பேருக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. என் அக்கா மகன் இரண்டாம் வகை, ஓரளவு நான்காம் வகையும்கூட.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் முதலில் நினைப்பது அதைத்தான், மாரத்தஹள்ளியிலும் பி.டி.எம். லேஅவுட்டிலும் சுவரெங்கும் கண்ணில் படும் விளம்பரங்களும் அவைதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் இருபது பேர், ஒரு மணி நேரம், அதில் பாதி ஆசிரியர் பேசுகிறார் என்று வைத்துக்கொண்டால், மீதி முப்பது நிமிடத்தில் ஒருவருக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். மூன்று மாதத்தில் அறுபது வகுப்புகள் நடந்தாலும் ஒருவர் பேசியது மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான். இந்த நகரத்துக்கு வந்த முதல் ஆண்டில் நானும் அப்படி ஒரு மையத்தில் சேர்ந்தேன். பாதி நாள்கள் இறந்தகாலம், நிகழ்காலம் என்று வினைச்சொல் காலங்களின் அட்டவணை, மீதி நாள்கள் தன்னறிமுகத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தல். மூன்று மாத முடிவில் என்னைப் பற்றி ஒரு நிமிடம் தடையின்றிச் சொல்ல முடிந்தது. அடுத்தவர் ஒரு கேள்வி கேட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். அப்படியென்றாலும் வகுப்பை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. எழுதவே முடியாத முதல் வகையினருக்கு, ஒழுங்கான வரிசையில் பாடமும் தினமும் போய் அமரும் கட்டாயமும் வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. சேர்வதற்கு முன் ஒரு நாள் பின்வரிசையில் அமர்ந்து, ஒரு மாணவர் எத்தனை நிமிடம் பேசினார் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். எட்டுப் பேருக்கு மேல் இல்லாத வகுப்பு என்றால் கணக்கே மாறிவிடும்.

பெங்களூரிலேயே நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு முயற்சியை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். 1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு என்ற கல்வியாளரின் தலைமையில், இங்குள்ள மண்டல ஆங்கில நிறுவனமும் சென்னையிலிருந்த பிரிட்டிஷ் கவுன்சிலும் துணைநிற்க, சில பள்ளிகளில் இலக்கண வரிசைப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று முடிவு செய்வது போன்ற பணிகளின் வழியாக ஆங்கிலம் கற்பித்தார்கள். உலக மொழிக் கற்பித்தல் நூல்களில் அது 'பெங்களூர்த் திட்டம்' என்றே வழங்குகிறது. மாணவரின் கவனம் பொருளில் இருக்கும்போதே மொழியின் அமைப்பு உள்ளே படிகிறது என்பது அதன் அடிப்படை. உரையாடல் பயிற்சி என்று அது தொடங்கப்படவில்லை என்றாலும், இன்று நாம் ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்: இங்கே மாணவர்கள் எதையாவது கண்டுபிடிக்க, முடிவு செய்ய ஆங்கிலத்தைப் பயன்படுத்துகிறார்களா, அல்லது ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா?

அடுத்தது கைப்பேசிச் செயலிகள். சொற்களைப் பொருத்தியும் கட்டங்களை நிரப்பியும் விளையாட்டுப் போலக் கற்பிப்பவற்றால் சொல்வளம் கூடும், வாய் திறக்காது. குரலில் உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை நான் அவற்றோடு சேர்த்துப் பேச மாட்டேன். நள்ளிரவு ஷிப்ட் முடிந்து வந்தவனும் அவற்றோடு பேசலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள், ஒரே பேச்சை இருபது முறை சொல்லிப் பார்க்கலாம். கூச்சம் மிகுந்தவருக்கு முதல் மாதத்தில் இதைவிட நல்ல துணை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அது பொறுமையாகக் காத்திருக்கிறது, அரைகுறையாகச் சொன்னதையும் சரியாக ஊகித்துக்கொள்கிறது, இடையில் குறுக்கிடுவதில்லை, கோபப்படுவதில்லை. பேட்ச் திருப்பி அனுப்பப்பட்ட நாளில் அழைக்கும் வாடிக்கையாளர் அப்படி இருக்க மாட்டார்.

படங்களையும் பாட்காஸ்ட்டுகளையும் கேட்டாலே பேச்சு தானாக வரும் என்ற நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. புரியும் அளவிலான மொழியைப் போதுமான அளவு கேட்பதும் படிப்பதுமே மொழியைத் தருகிறது என்று 1980-களில் மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் வாதிட்டார். அதற்கு மறுப்பாக 1985-இல் மற்றொரு மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன் எழுதினார்: கனடாவில் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சில் பல ஆண்டுகள் கேட்டு வளர்ந்த, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள், நன்றாகப் புரிந்துகொண்டார்கள், பேச்சிலும் எழுத்திலும் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குப் பின்தங்கியே நின்றார்கள், தாமே மொழியை உருவாக்கித் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்குப் போதவில்லை என்பது அவர் கருத்து. நான் இருவரையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். கேட்பது நான்காம் வகையினருக்கு இன்றியமையாதது. எழுத்து வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடப் பதிவை ஐந்து முறை கேட்டு, எந்தச் சொல் எங்கே தேய்ந்தது என்று குறிப்பது, இரண்டு மணி நேரப் படத்தைவிடப் பயன் தருகிறது. அது பேச்சுக்கு ஈடாகாது.

தனி ஆசிரியரை இணையவழி அமர்த்திக்கொள்வது நிமிடக் கணக்கில் மிக நல்ல வழி. அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் கற்பவரே பேசலாம். செலவு மிகுதி என்பதால் வாரம் மூன்று முறை என்று தொடர்வது என் அக்கா மகனின் சம்பளத்தில் இயலாது. மாதம் இரண்டு முறை, அதுவும் தன் பதிவுகளை முன்கூட்டியே அனுப்பித் திரும்பத் திரும்ப வரும் பிழைகளை மட்டும் திருத்தித் தரச் சொன்னால், செலவிட்ட பணம் வீணாகாது. கால் சென்டர் வேலைக்கு மாறிவிடு, தானாக வரும் என்று சிலர் சொல்கிறார்கள். கற்ற தொழிலை விட்டுப் போகச் சொல்லும் அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்பது 1924-இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய மேடைப்பேச்சு அமைப்பு. பெங்களூரில் நிறுவனங்களுக்குள்ளும் வெளியிலும் அதன் கிளைகள் பல இயங்குகின்றன. அதன் கூட்டங்களில் என்னைக் கவர்ந்தது 'டேபிள் டாபிக்ஸ்' என்ற பகுதி. அந்த நொடியில் தரப்படும் தலைப்பில் ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் நேரத்தைக் காட்டும். 'ஆ', 'ம்' என்று இழுப்பதை எண்ணுவதற்கே ஒருவர் இருப்பார். கூச்சத்தால் தடைபடும் மூன்றாம் வகையினருக்கு இதை முதல் பரிந்துரையாகவே சொல்வேன், ஏனென்றால் எல்லாரும் தவறவே அங்கே வருகிறார்கள், கைதட்டி அமர்த்துகிறார்கள். ஆயினும் மேடையில் யாரும் குறுக்கே பேசுவதில்லை. ஒருவர் தொடர்ந்து பேச மற்றவர் அமைதியாகக் கேட்பது உரையாடல் ஆகாது. கூட்டத்துக்கு ஒரு முறை ஒன்றிரண்டு நிமிடம் என்பதும் போதாது.

மிஞ்சி நிற்பது செலவே இல்லாத வழி: அறைத்தோழரோடு பேசுவது. பெங்களூரின் பிஜி விடுதிகளில் ஒடிசாக்காரரும் கேரளத்தாரும் வங்காளியும் ஒரே அறையில் தங்குகிறார்கள். அவர்களுக்கும் இதே ஆங்கிலச் சிக்கல் உண்டு என்பதால் அங்கே கேலி எழுவதில்லை. இரண்டு தமிழர்கள் ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் பேச முயன்றால் ஐந்து நிமிடத்தில் கூச்சம் வந்து தமிழுக்குத் திரும்பிவிடுவார்கள்; தமிழ் தெரியாத ஒருவரோடு அந்தக் கதவு மூடியிருக்கிறது. இந்தி என்ற மற்றொரு கதவு திறந்திருக்கும், ஆனால் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கையில் படித்தவனுக்கு அதிலும் சொற்கள் குறைவு. சும்மா பேசிக்கொண்டிருந்தால் 'சாப்பிட்டாயா, தூங்கினாயா' என்பதிலேயே வாரம் போய்விடும் என்பதால், பேச்சுக்கு ஒரு சட்டம் வேண்டும். 1983-இல் கீத் மாரிஸ் விவரித்து, நியூசிலாந்தின் மொழிக் கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 4/3/2 என்ற முறையை நான் பரிந்துரைக்கிறேன். ஒரே செய்தியை முதலில் நான்கு நிமிடத்தில் ஒருவரிடம் சொல்ல வேண்டும், பிறகு அதையே மூன்று நிமிடத்தில் வேறொருவரிடம், கடைசியாக இரண்டு நிமிடத்தில் இன்னொருவரிடம். செய்தி முன்பே தெரிந்ததாக இருப்பதால் மனம் சொல் தேடுவதை விட்டுவிட்டு வேகத்துக்குத் தயாராகிறது. மூன்றாம் முறையில் மொழிபெயர்த்துப் பேச நேரமே இல்லாததால், ஆங்கில வரிசையிலேயே வாக்கியம் பிறக்கத் தொடங்குகிறது. அறையில் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் ஒரு முறையைத் தொலைபேசியில் மற்றொரு நண்பரிடம் சொல்லலாம். ஒவ்வொரு முறை முடிந்ததும் கேட்டவர் மூன்று கேள்விகள் கேட்டே ஆக வேண்டும். பேச்சுக்கு ஒன்பது நிமிடம், கேள்விகளுக்கு ஆறு நிமிடம், ஆக ஒரு மாலையில் பதினைந்து நிமிடம். வாரம் மூன்று நாள் என்றால், அந்த வகுப்பு மூன்று மாதத்தில் தந்த ஒன்றரை மணி நேரம் இரண்டு வாரத்தில் கிடைத்துவிடுகிறது.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். இருவருமே கற்பவர்கள் என்பதால் ஒருவர் பிழை மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளலாம். தனி ஆசிரியரிடம் மாதம் இருமுறை போகச் சொல்வது அதற்காகத்தான். உச்சரிப்பைக் கேட்கும் பயிற்சி இதில் கிடைக்காது. அது தனியாக நடக்க வேண்டும். மழைக்காலத்தில், மாத இறுதி ஓவர்டைமில், இது முதலில் கைவிடப்படும் வழியும்கூட, ஏனென்றால் பணம் கட்டாததற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

நான்கு மாதத்துக்கு நாங்கள் வகுத்திருப்பது இது. முதல் மாதம் இரவில் குரல் செயலியோடு பத்து நிமிடம். அதோடு நேரம் வாங்கித் தரும் வாக்கியங்கள் ஐந்தை நாக்கு தானாகச் சொல்லும் அளவுக்குப் பழகுவது. 'லெட் மீ செக் அண்ட் கம் பேக் டு யூ', 'குட் யூ சே தட் எகெய்ன்' போன்றவை, கன்னடத்தில் அவனைக் காப்பாற்றிய 'ஸ்வல்ப நிதானவாகி ஹேளி' செய்த வேலையை ஆங்கிலத்தில் செய்யும். இரண்டாம் மாதம் முதல் வாரம் மூன்று மாலை 4/3/2, மாதம் இருமுறை ஆசிரியர். டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டத்துக்கு மூன்றாம் மாதத்தில் விருந்தினராகப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வான். வகுப்பில் சேரவில்லை. ஒவ்வொரு மாத இறுதியிலும் அதே மூன்று நிமிடப் பதிவை மீண்டும் எடுத்து, எத்தனை சொற்கள் வந்தன, எங்கே எத்தனை நொடி நின்றான் என்று எண்ணப் போகிறோம். இரண்டாம் பதிவில் மாற்றமே இல்லையென்றால் ஆசிரியரை வாரம் ஒரு முறையாக்கி, அதற்கான செலவை நான் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறேன். அறைத்தோழன் புவனேசுவரத்தைச் சேர்ந்தவன், அவனுக்கும் அடுத்த மாதம் நேர்காணல் இருக்கிறது. முதல் சனிக்கிழமைக்கான தலைப்பை இருவரும் சேர்ந்தே தேர்ந்தார்கள்: துளை விட்டம் இரண்டு மைக்ரான் கூடிப்போன அந்த பேட்ச்சைப் பற்றி, கோபமாக இருக்கும் வாடிக்கையாளரிடம் விளக்குவது.